26 யூரோவில் மொனாக்கோ: ஊரைப் பார்த்ததாகுமா, வாசலில் நின்றுவிட்டு வந்ததாகுமா?

நெய்தல்நிலா

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பிரான்சின் தெற்குக் கடலோர நீஸ் நகரத்திலிருந்து, பக்கத்திலுள்ள மொனாக்கோ என்ற குட்டி நாட்டுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பினேன். லியோனில் முதுகலை படிக்கிறேன். மாதக் கடைசியில் அரிசியை அளந்து போடுகிற நிலைமை. 30 யூரோவுக்கு மேல் ஒரு காசு எடுப்பதில்லை என்ற முடிவோடுதான் ரயில் ஏறினேன். ரயிலுக்கு 5 யூரோ சொச்சம், மதியச் சாப்பாடு 9, காபி 9, திரும்பி வர பஸ் 2.50.

படங்களைப் பார்த்த கூடப் படிக்கும் தோழி, "பணக்காரன் வீட்டு வாசலில் நின்னு எட்டிப் பார்த்துட்டு வந்ததுக்குப் பேர் பயணமா?" என்று கேட்டுவிட்டாள். ரெண்டு நாளாக அது மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இங்கே வைக்கிறேன்.

என் நாளைச் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கச் சன்னலில் உட்கார்ந்தேன். சுரங்கம், இருட்டு, சட்டென்று கொஞ்சம் கடல், மறுபடி இருட்டு. வில்ஃபிரான்ஷில் மட்டும் வளைகுடா முழுசாகத் தெரிந்தது. இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆனது. மொனாக்கோ ஸ்டேஷன் மலையைக் குடைந்து உள்ளே கட்டியது. நீளமான குகைவழியில் நடந்து வெளியே வந்தால் கண் கூசுகிறது.

சரிவில் ஏறி, பழைய ஊர் இருக்கும் பாறை மேல் போனேன். 11.55க்கு அரண்மனை முன்னால் காவலர் மாறும் அணிவகுப்பு, தினமும் நடக்கும், காசு கிடையாது. பக்கத்தில் துறவி வேடத்தில் ஒரு சிலை, அங்கிக்குள் வாள். 1297 ஜனவரியில், இன்றும் ஊரை ஆளும் கிரிமால்டி குடும்பத்து ஃபிரான்சுவா துறவி மாதிரி வந்து கோட்டையைப் பிடித்த கதை அது. தேவாலயத்தில், ஹாலிவுட் நடிகையாக இருந்து இந்த ஊர் இளவரசியான கிரேஸ் கெல்லியின் கல்லறை தரையோடு தரையாக இருக்கிறது. தெரியாதவர் கடந்து போய்விடுவார்.

கீழே கொந்தமின் சந்தையில் சோக்கா சாப்பிட்டேன். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, பெரிய தட்டில் ஊற்றி, அடுப்புக்குள் தள்ளிச் சுடுகிறார்கள். ஓரம் முறுகல், நடு மெத்தென்று. மேலே மிளகுத்தூள். முதல் வாயில் அம்மா சுடும் அடைதான் ஞாபகம் வந்தது. அப்புறம் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் ஓடும் ஊர்ச் சாலையிலேயே நடந்து, சாயந்திரம் லார்வோட்டோ கடற்கரையில் குளித்தேன். தூத்துக்குடிக்காரி, கடல் எனக்குப் புதுசில்லை. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் என் கால் நகம் தெரிந்தது. அப்படி நான் பார்த்ததில்லை.

இதில் எது எட்டிப் பார்த்தது?

கணக்கர்

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா உங்க தோழி சொன்னதுல பாதி சரின்னுதான் நான் சொல்வேன். நான் இருக்கிறது ஸ்டுட்கார்ட். ஐரோப்பாவுல குறைஞ்ச செலவுல சுத்துறதுதான் எட்டு வருஷமா என் வேலை. மொனாக்கோவுக்கும் போயிருக்கேன்.

ரெண்டு சதுர கிலோமீட்டர் ஊர். வருமான வரி இல்லைன்னு வந்து குடியேறினவங்க வீட்டுக்கும் படகுக்கும் நடுவுல நாம நடக்கிறோம். கேசினோங்கிற சூதாட்ட மாளிகை வாசல்ல காரைப் படம் எடுக்கிற கூட்டத்தைப் பாருங்க. அத்தனை பேரும் அடுத்தவன் சொத்தைத்தான் படம் எடுக்கிறாங்க. அதே ரயில்ல இன்னும் கொஞ்சம் போனா மாந்தோன். எலுமிச்சைத் தோட்டம், பழைய தெரு, நல்ல கடற்கரை, சாப்பாடும் மலிவு. ஒரு நாள்தான் இருக்குன்னா அதை எங்கே கொடுக்கணும்?

அந்த 9 யூரோ காபி என்னாச்சுன்னு சொல்லவே இல்லையே நீங்க.

இன்னொண்ணு. மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துல இல்லை. பிரான்ஸ் விசாவே போதும், எல்லையில யாரும் நிறுத்த மாட்டாங்க. ஆனா போனுக்கு எல்லை உண்டு, ஒன்றியத்துக்குள்ள கிடைக்கிற ரோமிங் சலுகை அங்கே செல்லாம போகலாம். என்னோட ஜெர்மன் சிம் அந்த ஊர் கோபுரத்தைப் பிடிச்சு, அரை மணி நேரத்துல ஒரு நாள் செலவையே பில்லா போட்டுடுச்சு. போறவங்க ரயில்லயே டேட்டாவை அணைச்சிடுங்க.

ரயில்பித்தன்

கணக்கர் சார், மாந்தோனைச் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மாந்தோனும் பக்கத்து ஊர் ரோக்ப்ரூனும் முன்பு மொனாக்கோவுக்குச் சொந்தம். 1848இல் பிரிந்தன, 1861இல் பிரான்ஸிடம் போயின. எலுமிச்சையும் ஒலிவமும் அங்கேதான் விளைந்தன, வரியும் அங்கிருந்துதான் வந்தது. மிச்சம் நின்றது ஒரு பாறையும் ஒரு துறைமுகமும். பிழைக்க வழியில்லாமல்தான் சூதாட்ட மாளிகை. 1863இல் சூதாட்டத் தொழிலதிபர் ஃபிரான்சுவா பிளான் அதற்குப் பொறுப்பெடுத்தார். அப்போதும் கூட்டம் வரவில்லை. ஏனென்றால் பாதை மோசம், படகும் ஒழுங்காகக் கிடையாது.

1868இல் நீஸிலிருந்து ரயில் வந்தது. அதற்கு அடுத்த வருஷமே குடிமக்களுக்கு நேரடி வரியை எடுத்துவிட்டார்கள். இந்த ரெண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் ரயிலில் வந்து சாயந்திரம் ரயிலில் திரும்பியவர்களின் காசில் எழுந்த ஊர் அது. நெய்தல்நிலா அந்தப் பாதையில்தான் போயிருக்கிறார். அவரை வாசலில் நிற்கும் அந்நியர் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கணக்கர்

வரலாறு அருமை சார், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ரயில்ல வந்தவங்க யாரு? நீஸ்ல குளிர்காலம் கழிக்க வந்த பிரபுக்களும் வியாபாரிகளும். மேசையில பணத்தை விட்டுட்டுப் போனாங்க. சோக்கா தின்னுட்டுத் திரும்பலை. அந்த ஊர் கேட்டது அவங்களை, நம்மளை இல்லை. இன்னைக்கும் அப்படித்தான். கார்னியேங்கிற கட்டடக் கலைஞர் கட்டின அந்தச் சூதாட்ட மாளிகையில முகப்புக் கூடம் வரைக்கும்தான் சும்மா விடுவாங்க, அதுக்கு மேல சீட்டு. இலவசமா கிடைக்கிறது எல்லாம் முகப்பு மட்டும்தான்.

நெய்தல்நிலா

காபிக் கதையைச் சொல்கிறேன். கேசினோ சதுக்கத்துக்குப் பக்கம், கால் வலித்தது, ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் விலைப்பட்டியல் கைக்கு வந்தது. எழுந்து போயிருக்கலாம். கூச்சம். பரிமாறுகிறவர் பக்கத்திலேயே நின்றார், என் செருப்பைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அவர் பார்க்காமல்கூட இருந்திருக்கலாம். "ஒரு காபி" என்றேன். குடித்தபோது ருசியே தெரியவில்லை. அந்த நாளில் எனக்குக் கசந்தது அந்த ஒன்றுதான்.

ஆனால் கணக்கர் அண்ணா, அதை வைத்து நாளையே தள்ளிவிட முடியாது. துறைமுகத்திலிருந்து மேல் தெருவுக்குப் போக லிஃப்ட் இருக்கிறது, தெருவிலேயே, பாறைக்குள்ளே. யார் வேண்டுமானாலும் ஏறலாம். கூட ஒரு பாட்டியம்மா காய்கறிப் பையோடு ஏறினார். கடற்கரை பொது. ஜப்பானியத் தோட்டத்துக்குச் சீட்டு இல்லை. கடலை நிரப்பி எடுத்த ஃபோன்வியெயில் இளவரசி கிரேஸ் பெயரில் ரோஜாத் தோட்டம், அதற்கும் இல்லை. பந்தயச் சாலையில் முதல் திருப்பத்தில் ஊரின் பாதுகாவல் புனிதை சேன்ட் தெவோட்டின் சிற்றாலயம். ஜனவரி 26 மாலை அதன் முன்னால் ஒரு படகை எரிப்பார்களாம். ஹோட்டல் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவில் சாலையோரக் கல்லில் சிவப்பும் வெள்ளையும் பூசியிருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். கரகரவென்று சாதாரணச் சாலைக்கல். 1929 முதல் பந்தயம் ஓடுகிற அந்த வளைவில் என் கண்ணெதிரே ஒரு பள்ளிப் பையன் சைக்கிளில் போனான். முகப்பு என்று இதையா சொல்கிறீர்கள்?

பனங்கூடல்

தங்கச்சி, நான் நீஸிலை 19 வருசமா இருக்கிறன். அதிலை 11 வருசம் மொனாக்கோவிலை ஒரு ஹோட்டல் குசினியிலை நிண்டனான். அந்தக் காபிக் கதையை வாசிச்சு மனம் கஸ்ரப்பட்டுப் போச்சுது. அந்தப் பரிமாறுற பொடியனும் அங்கை குடியிருக்க ஏலாதவன்தான். உங்களை மாதிரி அவனும் காலமை ரெயினிலை வந்தவன். அவன் செருப்பைப் பார்த்திருந்தா, இந்தப் பிள்ளை எவ்வளவு நடந்ததெண்டு நினைச்சுப் பார்த்திருப்பான்.

ஆனா நான் உங்கடை பக்கமும் இல்லை. அந்த ஊரிலை குடியிருக்கிறவை நாப்பதினாயிரம் வராது. வேலைக்கு வந்து போறவை அதை விடக் கூட. நீஸிலையிருந்து, பொசோலையிலிருந்து, இத்தாலிப் பக்கம் வென்டிமில்யாவிலையிருந்து. விடியப்புறம் வெளிக்கிட்டா ரெயின் முழுக்க எங்கடை ஆக்கள்தான்: சமையல், துப்பரவு, கட்டட வேலை, தாதிமார். ஒருத்தரும் கதைக்கமாட்டினம், நித்திரை. மீன் துப்பரவாக்கின கையோடை பின்னேரம் திரும்பேக்கை நிக்க இடமிராது, ஏனெண்டா சுற்றுலாச் சனம் முழுக்க அந்தநேரம்தான் திரும்பும். கோடையிலை ரெயினை விட்டுட்டு அடுத்ததுக்கு நிண்ட நாள் எத்தினை. ஒரு நாள் பார்க்க வாறவைக்கு வடிவு; அந்த வடிவைத் தூக்கி நிறுத்திறவைக்கு வீட்டை போக இடமில்லை. இதுதான் என்ரை மனத்தாங்கல். போகாதேங்கோ எண்டு சொல்லேல்லை. அஞ்சு மணியிலையிருந்து ஏழு மணி வரைக்கும் அந்த ரெயினை விட்டுடுங்கோ.

ரயில்பித்தன்

பனங்கூடல் அண்ணா, இத்தனை வருஷம் ரயில் அட்டவணை படிக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. நன்றி. பஸ் 607 கடலோரச் சாலையிலேயே நீஸ் போகிறது, பழைய 100ஆம் எண். நெய்தல்நிலா திரும்பியதும் அதில்தான். இடப்பக்கம் உட்கார்ந்தால் வழி முழுக்கக் கடல். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஒரு நாள் பயணிக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

கணக்கர்

அண்ணா சொன்னதுதான் என் வாதமே, நான் சொல்லத் தெரியாம காரைப் பத்திப் பேசிட்டிருந்தேன். உழைக்கிறவங்களைப் படுக்க விடாத ஊர். அங்கே போய் "எல்லாம் இலவசம், எல்லாருக்கும் பொது"ன்னு சொல்றது எனக்கு உறுத்துது. லிஃப்ட் பொது, சரி. வீடு?

நெய்தல்நிலா

உறுத்த வேண்டியதுதான். நான் எழுதினதில் ஒரு வேலைக்காரர்கூட இல்லை என்று அண்ணா சொன்ன பிறகுதான் தெரிகிறது. அந்தப் பரிமாறியவரை மட்டும் எழுதினேன், அதுவும் என் கூச்சத்துக்காக. ஆனால் உழைப்பவர்கள் தங்க முடியாத ஊர் என்பதால் பார்க்கவே கூடாதென்றால் பாரிஸின் பாதியை விட வேண்டும், சென்னையின் கடலோரத்தையும் விட வேண்டும். கடலை ஒட்டிய இடத்தில் காசுள்ளவன் கட்டினதெல்லாம் அவனுக்கு மட்டும் என்று நாமே ஒதுங்கிக் கொடுப்பதாகிவிடும். லார்வோட்டோவில் என்னைச் சுற்றி ஃபிலிப்பினோப் பெண்கள் நாலு பேர் விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒரு டப்பாவிலிருந்து சோறு சாப்பிட்டார்கள். அந்தக் கடற்கரை அவர்களுக்கும் இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும். நான் விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஊரிலிருந்து முதல் முறையாக வந்திருக்கிறார், முழங்கால் வலி. "கேசினோ ஊரைப் பார்க்கணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இதைப் படித்த பிறகு போகலாமா என்றே குழப்பமாக இருக்கிறது. மலை ஏற முடியுமா?

பனங்கூடல்

கூட்டிக்கொண்டு போங்கோ பிள்ளை. அம்மா ஆசைப்பட்டா அதுக்கு மேலை கதையில்லை. கார்ப் பந்தயத்துக்கு மேடை கட்டிற மாதங்களிலை எண்டா வேண்டாமெண்டு சொல்லியிருப்பன், வாரக்கணக்கிலை வேலியும் இரும்புமாத்தான் கிடக்கும். இப்ப பிரச்சினையில்லை. பாறைக்கு மேலை நடக்க விடாதேங்கோ, ஊர் பஸ் போகுது. கடல் அருங்காட்சியகப் பக்கமும் லிஃப்ட் இருக்கு. சந்தையிலை பார்பஜுவான் வாங்கிக் குடுங்கோ, கீரையும் பாற்கட்டியும் வைச்சுப் பொரிக்கிறது, சூடா இருக்கேக்கை சாப்பிட வேணும். கடற்கரைக்கு வெளியிலை வெறுங்காலோடை நடக்கக் கூடாது, அது அங்கை சட்டம். அம்மாவுக்குச் சொல்லி வையுங்கோ.

கணக்கர்

அருங்காட்சியகத்துக்குள்ளேயும் போங்க. நான் அந்த ஊர்ல காசு கொடுத்து வருத்தப்படாத ஒரே இடம். 1910ல திறந்தது, பாறை விளிம்புல நேரா கடலுக்குள்ள இறங்குற மாதிரி கட்டிடம். கடலாய்வாளர் குஸ்தோ முப்பது வருஷம் இயக்குநரா இருந்த இடம். முழுச் சீட்டு 20 யூரோவுக்குப் பக்கம் வரும், மீதி நாளைச் சந்தையிலயே ஓட்டிடுங்க. சதுக்கத்துல மட்டும் உட்காராதீங்க.

வெள்ளிக்கிழமை

போய்விட்டு வந்தோம். அம்மாவுக்கு அருங்காட்சியகத்தில் மீன் தொட்டியை விட்டு வர மனமில்லை. கேசினோவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றார். கடலில் கால் நனைத்தார். மறக்காமல் செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பனங்கூடல் அண்ணா, ஒரு தவறு செய்துவிட்டேன். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டதால் பஸ்ஸில் அவ்வளவு நேரம் வேண்டாம் என்று ஐந்தரை மணி ரயிலிலேயே ஏறினோம். மூச்சுவிட இடமில்லை. சமையல்கட்டுச் செருப்பு போட்ட ஒரு பெண் எழுந்து அம்மாவை உட்கார வைத்தார். நீஸ் வரை நின்றே வந்தார். அம்மா பையிலிருந்து முறுக்கை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றைப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தார்.

பனங்கூடல்

பிழையில்லை பிள்ளை. அம்மாவின்ரை கால் இப்ப எப்பிடி?