1992 எஃப்ஜே1200-க்கு 4-1 ஹெட்டர்: துரு ஏறிய ஸ்டட்டுகளை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

மலைப்பாதை92:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1992 யமஹா எஃப்ஜே1200, ஏர் கூல்டு, கார்புரேட்டர் வண்டி. எட்டு வருடமாக ஓட்டுகிறேன், நாள் முழுக்க ஓட்டினாலும் அலுப்பு தட்டாத வண்டி. போன மாதம் ஆயில் மாற்றும்போது அடியில் படுத்துப் பார்த்தால் புகைப் பைப்புகள் ஒன்றுசேரும் இடத்தில் பெயிண்ட் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், தகடு பிஸ்கெட் மாதிரி உள்ளே போய்விட்டது. புது ஒரிஜினல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, பழையதாகக் கிடைப்பவையும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன. அதனால் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த 4-1 ஹெட்டர் (நான்கு பைப்பும் ஒன்றாகச் சேரும் வகை) வாங்கிவிட்டேன், வலது பக்கம் ஒரே சைலன்சர்.

பெட்டியைப் பிரித்துப் பத்து நாளாகிறது, இன்னும் ஸ்பேனரைத் தொடவில்லை. காரணம் ஸ்டட்டுகள், அதாவது எஞ்சின் ஹெட்டில் பதிந்து பைப்பைப் பிடித்து நிற்கும் மரைக்கம்பிகள். எட்டு நட்டும் பழுப்புக் கட்டியாக இருக்கின்றன, எங்கே நட்டு முடிகிறது எங்கே ஸ்டட் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அலுமினிய ஹெட்டுக்குள் ஒன்று உடைந்தால் என்ன செய்வது என்ற பயம்தான். அப்புறம் இரண்டு சந்தேகம்: கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டை மாற்றியே ஆக வேண்டுமா? சென்டர் ஸ்டாண்டு புதுப் பைப்பில் இடிக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், அப்படியானால் அதைக் கழற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்கை:

பத்து நாள் தொடாமல் விட்டது தப்பில்லை, ஆனால் அந்தப் பத்து நாளும் எண்ணெய் ஊறியிருக்கலாம். இன்றைக்கே ஆரம்பியுங்கள். முதலில் கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் நுனியில் தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்டு கழன்று வரும் பாதையே அந்த மரைதான், அதில் துருவும் மண்ணும் இருந்தால் நட்டு பாதி வழியில் சிக்கி ஸ்டட்டை முறுக்கிவிடும். பிறகு துரு இளக்கும் எண்ணெயைக் காலை மாலை நட்டுக்கு மேலும் பின்னாலும் விட்டு, சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் லேசாகத் தட்டுங்கள். லேசாகத்தான். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். டபிள்யூடி-40 இருக்கிறதே என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள், இதற்கென்றே விற்கும் எண்ணெய் நன்றாக ஊடுருவும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சமமாகக் கலந்து விடுபவர்களும் உண்டு, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது. நான்கு நாளாவது ஊற வேண்டும்.

கழற்றும் நாளில் எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சூட்டில் ஹெட்டின் மரை ஸ்டட்டை விட்டுக் கொஞ்சம் தளரும். கை சுடாத அளவு உறையைப் போட்டுக்கொண்டு, ஆறு முனை சாக்கெட் வையுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் துருவேறிய நட்டின் மூலைகளை உருட்டிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் ஒட்டு விட்டது என்று அர்த்தம். பிறகு கால் சுற்று கழற்று, எட்டில் ஒரு சுற்று திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி கால் சுற்று. இப்படியே போனால் ஒரு நட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழன்று வந்தால் கவலைப்படாதீர்கள், அது நல்லதுதான், புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். திரும்பும்போது ரப்பர் மாதிரி இழுப்பது போலக் கையில் உணர்ந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள், ஸ்டட் முறுக ஆரம்பித்துவிட்டது. அடுத்த கால் சுற்றில் ஒடியும்.

கார்ப்_மெக்கானிக்:

ஜெட் விஷயத்துக்கு நான் வருகிறேன். பைப் மாற்றினாலே ஜெட் கிட் வாங்க வேண்டும் என்பது பழைய பழக்கம், எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. ஏர் பாக்ஸும் ஃபில்டரும் ஒரிஜினலாகவே இருக்கின்றனவா? சைலன்சர் உள்ளே தடுப்போடு அமைதியாக இருக்கும் வகையா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் முதலில் எதையும் மாற்றாமல் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வண்டியே சொல்லும். ஒரே வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அசைக்காமல் பிடித்திருக்கும்போது முன்னும் பின்னும் இழுத்து விடுவது போல இருந்தால், குளிர்ந்த எஞ்சின் சோக்கை விட மறுத்தால், ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது தொடர்ந்து படபடவென்று வெடித்தால், கலவையில் பெட்ரோல் குறைவு. அப்போதுகூட மெயின் ஜெட்டுக்குப் போகாதீர்கள். டூரிங் ஓட்டத்தில் முக்கால்வாசி நேரம் வண்டி ஓடுவது கால் திராட்டிலிலும் அதற்குக் கீழேயும்தான், அங்கே வேலை செய்வது ஸ்லோ ஜெட்டும் (குறைந்த திராட்டிலுக்கான ஜெட்) நீடிலும் (திராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி). பெட்ரோலைக் கூட்ட மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே எடுங்கள். நான்குக்கும் ஒரே அளவு, எடுக்கும் முன் இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது போதவில்லை என்றால் நீடிலுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர். முழு திராட்டிலில் மூச்சு திணறினால் மட்டும் மெயின் ஜெட்டில் ஒரு சைஸ், மிக்குனியில் அது 2.5 கூடும்.

முக்கியமான ஒன்று: இறங்கும்போது வெடிக்கும் சத்தத்தைக் கேட்டவுடன் கார்புரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்டோடு பைப் சேரும் இடத்தில் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே சத்தம்தான் வரும். முதலில் லீக், அப்புறம்தான் ஜெட். நான்கு கார்புரேட்டரையும் வாக்குவம் கேஜ் வைத்துச் சமப்படுத்தாமல் ஸ்க்ரூவைத் திருப்புவதும் வீண் வேலை.

சங்கிலி_எண்ணெய்:

சென்டர் ஸ்டாண்டைக் கழற்றாதீர்கள் அண்ணா! எஃப்ஜே செயின் வண்டி. தூரப் பயணத்தில் ராத்திரி தங்கும் இடத்தில் செயினுக்கு எண்ணெய் போட, பஞ்சர் பார்க்க, ஸ்டாண்டு இல்லாமல் பெட்டி மாட்டிய வண்டியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கழற்றினால் எடை குறையும் என்பார்கள், இந்த வண்டிக்கு அந்த எடை ஒரு பொருட்டே இல்லை. பல 4-1 பைப்புகளில் இடிப்பது ஸ்டாண்டு இல்லை, ஸ்டாண்டு மேலே மடங்கி நிற்கும்போது தாங்கும் ரப்பர்க் கட்டைதான். ஒரிஜினல் பைப்பில்தான் அந்தக் கட்டை உட்காரும், புதுப் பைப்பில் அதற்கு இடம் இருக்காது. ஃப்ரேமில் ஒரு நிறுத்தி வைத்துக் கொடுத்தால் ஸ்டாண்டு பைப்பைத் தொடாமல் நிற்கும். பைப்பை மாட்டிவிட்டு எல்லாம் தளர்வாக இருக்கும்போதே ஸ்டாண்டை மேலே கீழே ஆட்டிப் பாருங்கள், ஆயில் ஃபில்டரைக் கழற்ற இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

தூரப்பயணி:

எல்லோரும் கழற்றுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், மாட்டுவதைப் பற்றி நான். உங்களுடையது 92 என்றால் எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கும், 91-இல் இருந்து அப்படித்தான். அதாவது எஞ்சினோடு பைப்பும் ஆடும், சைலன்சர் மாட்டும் ஃப்ரேம் ஆடாது. சைலன்சர் பிராக்கெட்டை ரப்பர் புஷ் இல்லாமல் நேரடியாக முறுக்கிவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் ஹெட்டர் வெல்டிங்கிலும் பிராக்கெட்டிலும் போய் விழும். எங்கேயோ ஒரு நாள் விரிசல் வரும். புஷ் கட்டாயம்.

வரிசை இப்படி: ஹெட்டில் புகை வெளியேறும் போர்ட்டில் புது கேஸ்கெட்டை (லீக்கைத் தடுக்கும் வளையம்) கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டி நிறுத்துங்கள், இல்லையென்றால் நான்கில் ஒன்று நழுவி விழுந்துகொண்டே இருக்கும். பைப்புகளை ஏற்றி எட்டு நட்டையும் கையால் மட்டும் திருகுங்கள். சைலன்சரையும் தளர்வாக மாட்டுங்கள். எல்லாம் தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும், இழுத்து வளைத்து மாட்ட வேண்டியிருந்தால் ஏதோ சரியில்லை. பிறகு ஹெட்டில் இருந்து பின்னோக்கி இறுக்குங்கள். பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் ஒவ்வொரு ஃபிளேஞ்சிலும் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஃபிளேஞ்ச் சாய்ந்து கேஸ்கெட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். எம்8 ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், உங்கள் மேனுவலில் உள்ளதே கடைசி வார்த்தை. மரை ஒட்டாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைப் பூசினால் அந்த அளவைவிடக் கொஞ்சம் குறைத்து நில்லுங்கள், வழுக்கலில் அதே டார்க்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் பைப் முழுவதையும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் வெந்து ஸ்டெயின்லெஸ்ஸில் அப்படியே பதிந்துவிடும், பிறகு போகாது.

மலைப்பாதை92:

ஐந்து நாள் ஊறவைத்து, எஞ்சினைச் சூடாக்கி, இரும்புக்கை அண்ணன் சொன்னபடியே கால் சுற்று கணக்கில் போனேன். ஏழு வந்துவிட்டன, அதில் இரண்டு ஸ்டட்டோடு. எட்டாவது, நாலாம் சிலிண்டரின் வெளிப்பக்கம், அந்த ரப்பர் இழுப்பு கையில் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் கொஞ்சம் என்று போனேன். ஒடிந்துவிட்டது. ஹெட்டுக்கு வெளியே ஐந்து மில்லிமீட்டர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒடிந்ததைப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டர் வாங்கலாமா?

இரும்புக்கை:

வேண்டவே வேண்டாம். எம்8 ஸ்டட்டுக்குள் துளை போட்டு வைக்கும் எக்ஸ்ட்ராக்டர் மெல்லியது, கடினமானது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவே தொடாது. ஐந்து மில்லிமீட்டர் வெளியே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டட்டைவிட ஒரு சைஸ் பெரிய நட்டை அதன்மேல் வைத்து, நட்டுக்குள் வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது, ஸ்டட்டில் மட்டும்தான் பிடிக்கும். அந்தச் சூடு நேராக ஸ்டட்டின் வேர்வரை இறங்கி ஒட்டை உடைக்கும், பாதி வேலையைச் செய்வது அதுதான். செக்கச் சிவப்பு போனவுடன், இன்னும் சூடாக இருக்கும்போதே, மெதுவாக இரு பக்கமும் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். முதல் நட்டு பிய்ந்தால் இன்னொன்று வைக்கலாம், நான் ஒரு ஸ்டட்டுக்கு நான்கு நட்டு வைத்திருக்கிறேன்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வையுங்கள், கார்புரேட்டரில் இருப்பதையும் வடித்துவிடுங்கள். பேட்டரி இரண்டு முனையும், இக்னிஷன் பெட்டியின் கனெக்டரும் கழன்றிருக்க வேண்டும். எர்த் கிளிப்பை ஹெட்டிலேயே பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். போர்ட்டில் துணி அடைக்காதீர்கள், தீப்பொறி விழும், தகடு வைத்து மூடுங்கள்.

மலைப்பாதை92:

வந்துவிட்டது! இரண்டாவது நட்டில். கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்து எட்டு ஸ்டட்டும் புதிதாகப் போட்டேன், நட்டு இந்த முறை நீளமான பித்தளை நட்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும், யாருக்காவது பயன்படும். புதுப் பைப் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் உட்காரவில்லை, ஃபிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி மற்றதைவிட அதிகம். பைப்பில்தான் குறை என்று திருப்பி அனுப்பக் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் போர்ட்டின் ஓரத்தில் மெல்லிய வட்டக் கோடு. நான் ஹெட்டின் அலுமினியம் என்று நினைத்தது பழைய கேஸ்கெட்! கரி பிடித்து, நசுங்கி, ஹெட்டோடு ஒன்றாகிப் போயிருந்தது. கூரான கம்பியால் ஓரத்தைக் கிளப்பினேன், ஒரு மோதிரம் வந்தது, அதற்கு அடியில் இன்னொன்று. முன்னால் யாரோ பழையதை எடுக்காமலே மேலே புதிதைப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் எடுத்தபின் பைப் "டொக்" என்று தானாகப் போய் உட்கார்ந்தது.

கார்ப்_மெக்கானிக்:

இதை எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன்! நான்கு போர்ட்டிலும் ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்து, எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே சைலன்சர் வாயைக் கனமான துணியால் ஒரு நொடி அடையுங்கள், லீக் இருந்தால் "சுஸ்" என்று கேட்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தாலும் குமிழி காட்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுக்க ஆறவிட்டு நட்டுகளை மறுபடி பாருங்கள், கேஸ்கெட் இன்னும் நசுங்கியிருக்கும்.

மலைப்பாதை92:

லீக் இல்லை. முதல் பத்து நிமிடம் கிரீஸ் புகைந்தது, பிறகு நின்றது. ஒரு மணி நேரம் ஓட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டுப் பார்த்தால் ஆறு நட்டு கொஞ்சம் கொஞ்சம் திரும்பின. கார்புரேட்டரைச் சமப்படுத்தி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்ததோடு சரி, புதுப் பைப்போடு ஓட்டும்போது இருந்த, இழுத்து விடும் தடுமாற்றம் போய்விட்டது, ஜெட்டைத் தொடவில்லை. சென்டர் ஸ்டாண்டும் அதே இடத்தில்தான், ஃப்ரேமில் வைத்த நிறுத்தியில் நிற்கிறது, பைப்புக்கும் அதற்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. சனிக்கிழமை விடியற்காலையில் இரண்டு பெட்டியும் மாட்டிக் கிளம்புகிறேன்.