எக்ஸிபிஷனுக்கு அடிக்கிற ஃபைலையே லைப்ரரிக்கும் குடுக்கலாமா?

வெள்ளவத்தை_டிசைன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஃபைனல் இயர் டிசைன் எக்ஸிபிஷனுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு, கொழும்பு 7ல ஒரு கலரியில. 34 பேர்ட ஃபைல் சேர்க்கிற பொறுப்பு என்ர தலையில. ஒராள் வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பியிருக்கு, இன்னொராள் படங்கள் ஒண்டுமில்லாம வெறும் இன்டிசைன் ஃபைல் மட்டும், வேற ஒராள்ட ட்ரைவ் லிங்க்க திறந்தா பெர்மிஷன் கேக்குது. இப்ப மிஸ் சொல்றா எக்ஸிபிஷன் முடிய எல்லாத்தையும் லைப்ரரியில நிரந்தரமா வைக்கப்போகினமாம். எங்களுக்கு முந்தின பட்ச்ட வேலையள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகி எல்லாம் போயிட்டுது, அதில ஒரு அக்கா தன்ர போஸ்டரையே இன்டர்வியூவில காட்ட வழியில்லாம நிண்டவ. எங்கட பட்ச்சுக்கு அப்பிடி வரக்கூடாது. போஸ்டர் எல்லாம் ஏ1, மூண்டு மொழியிலயும் எழுத்து இருக்கு, தமிழ் செஞ்சவையில பாதிப்பேர் பாவிச்சது பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட். ஒரே பிடிஎஃப் ரெண்டுக்கும் காணுமா?

கொட்டாஞ்சேனை_பிரிண்ட்:
தங்கச்சி, பிரிண்ட் பக்கத்த மட்டும் சொல்றேன், பத்து வருஷமா இந்த வேலதான் செய்றேன். ஏ1 போஸ்டர் தள்ளி நின்னு பாக்கிறது, ஒரிஜினல் சைஸ்ல 150 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும், அதாவது 3508க்கு 4967 பிக்சல். சின்னப் படத்த இழுத்துப் பெருசாக்கி 300னு போட்டா தெளிவு வந்துடாது, ஃபைல்தான் கனக்கும். சுத்தி 3 மிமீ ப்ளீட், அதாவது வெட்டுறதுக்கு மிச்ச ஓரம், விடச் சொல்லுங்க. எழுத்த அவுட்லைன் ஆக்கிடுங்க, அதாவது ஃபொன்ட் தேவையில்லாத வெறும் வடிவமா மாத்திடுங்க, கடை மெஷின்ல பாமினி இருக்கலாம், ஆனா அதே வெர்ஷன் இருக்கும்னு நம்ப வேணாம். கலர சிஎம்வைகே, அதாவது பிரிண்ட் அடிக்கிற நாலு மை கலர், ஆக்கிப் பாத்துட்டு வாங்க, ஸ்க்ரீன்ல மின்னுற பச்சையும் நீலமும் பேப்பர்ல மங்கித்தான் வரும், அத ஓப்பனிங் அன்னைக்குப் பாத்துப் பிள்ளைங்க அழுத கதை எனக்குத் தெரியும். 34லயும் கலர் கூடின ரெண்ட மட்டும் ஏ3ல முதல்ல ஒரு டெஸ்ட் அடிச்சுப் பாருங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்யூமன்டா அனுப்பச் சொல்லுங்க, ஃபோட்டோவா அனுப்பினா அது நசுக்கிடும்.

நூலகத்துல_வேலை:
அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனா அந்த ஃபைல லைப்ரரிக்கு தயவுசெஞ்சு குடுக்காதீங்கோ. அவுட்லைன் ஆக்கினா எழுத்து வெறும் கோடுதான், தேடினா ஒண்டும் வராது. அவுட்லைன் ஆக்காத பாமினி இன்னும் மோசம். நான் பழைய போஸ்டர் பிடிஎஃப் கொஞ்சம் கட்டலொக் செய்யேக்க தமிழ் எண்டு கண்ணுக்கு வடிவாத் தெரியிற சொல்ல கொப்பி பண்ணிப் போட்டுப் பாத்தா ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், இவ்வளவும்தான் வந்தது. பாமினி இங்கிலிஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்த வரைஞ்சு வச்ச ஃபொன்ட், உள்ளுக்குள்ள தமிழே இல்ல. கனகாலம் வைக்கிறதுக்கெண்டு 2005ல வந்த பிடிஎஃப் ஏ எண்ட ஸ்டாண்டர்ட்ல சேவ் பண்ணினா ஃபொன்ட் ஃபைலுக்குள்ளயே இருக்கும், அது நல்லதுதான், ஆனா பாமினிய அது யூனிகோட், அதாவது எந்த மெஷினும் தமிழ் எண்டே அறியிற எழுத்து, ஆக்காது. பழைய சிங்கள ஃபொன்டுகளுக்கும் இதே கதிதான். இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை மலையகம் எண்டு தேடினா அதப்பற்றிச் செஞ்ச போஸ்டர் அகப்படோணும், இல்லாட்டி அது இருந்தும் இல்லாத மாதிரி.

அதால ஒவ்வொருத்தரும் ரெண்டு ஃபைல் தரோணும். லைப்ரரிக்கு யூனிகோட் ஃபொன்ட்ல, எழுத்து எழுத்தாவே இருக்கிற பிடிஎஃப் ஏ, படங்கள் வேற ஃபோல்டர்ல டிஃப் எண்ட, தரம் குறையாம சேவ் பண்ணக்கூடிய பட ஃபைலா. ஜேபெக்க திருத்தித் திருத்தி சேவ் பண்ண ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பழுதாகும். மாத்திற நேரம் இல்லாதவை போஸ்டர்ல இருக்கிற முழு எழுத்தையும் யூனிகோட்ல அடிச்சு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் பக்கத்தில வச்சாலே எனக்குச் சந்தோசம். அதிலயே பேர், வருஷம், தலைப்பு, என்ன சைஸ், எதில அடிச்சது எண்டும் எழுதுங்கோ. கையெழுத்து வாங்க மறக்காதீங்கோ, 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி வேலை செஞ்சவருக்குத்தான் உரிமை, லைப்ரரி வெப்சைட்ல போடோணும் எண்டா அவைட சம்மதம் வேணும்.

வெள்ளவத்தை_டிசைன்:
அக்கா, ஜே கே பி ஓ வாசிச்சு எனக்கு மனசு ஒரு மாதிரிப் போச்சு. பாமினிக்காரர் சொல்லினம் இலஸ்ட்ரேட்டர்ல யூனிகோட் போட்டா கொம்பு, கால் எல்லாம் இடம் மாறுதாம், அதாலதானாம் பாமினி. நாலு பேர் ஃபிக்மா எண்ட ஒன்லைன் டிசைன் டூல்ல செஞ்ச, ஸ்க்ரீன் ஸ்க்ரீனா அமத்திப் பாக்கிற ப்ரோட்டோடைப்பும் இருக்கு, அதுக்கு என்ன செய்யிறது?

காலிவீதி_யூஎக்ஸ்:
கொம்பு பிரச்சினைக்கு வேர்ல்ட் ரெடி கம்போசர் எண்டு பராகிராஃப் செட்டிங்ல இருக்கு, முதல்ல ப்ரிஃபரன்ஸஸ்ல டைப்புக்குள்ள போய் இண்டிக் ஒப்ஷன்ஸ் ஒன் பண்ணிட்டு அத எடுங்கோ, நோட்டோ சான்ஸ் தமிழ் எண்ட யூனிகோட் ஃபொன்ட் இலவசம், சரியா வரும். பாமினிய யூனிகோடுக்கு மாத்திற கன்வர்ட்டர் ஒன்லைன்ல இருக்கு, மாத்தின பிறகு ஒரு ஆள் வாசிக்க ஒரு ஆள் பாக்க, வரி வரியா சரிபாருங்கோ.

ஃபிக்மா லிங்க்க நம்பி வைக்காதீங்கோ, கம்பஸ் அக்கவுண்ட் மூடினா லிங்க்கும் போகும். ஒவ்வொரு ஸ்க்ரீனையும் பிடிஎஃப் ஆ எடுத்து, பாவிக்கிற மாதிரி ஒரு தரம் ஸ்க்ரீன் ரெக்கோர்ட் பண்ணி எம்பி4 ஆ வையுங்கோ. கலரி டிவிக்குக் கொண்டுபோற பென் ட்ரைவ் ஃபாட்32 எண்ட பழைய ஃபோர்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, அத முதல் நாளே பாருங்கோ.

லைப்ரரிக்குக் குடுக்க முதல் 34 ஃபோல்டரையும் அந்த ஃபொன்ட் ஒண்டும் போடாத வேற ஒரு மெஷின்ல திறந்து, ஒவ்வொண்டிலயும் ஒரு தமிழ்ச் சொல் தேடிப் பாருங்கோ. வாற சனிக்கிழமை எனக்கு வேலை இல்ல, லப்டொப்பையும் கொண்டு வாறன், வெள்ளவத்தையில எங்கயாவது இருந்து செய்வம்.