ப்ரூன் கொடுத்தும் பிட்காயின் கோர் வட்டை நிரப்பிவிட்டது: அமைப்புக் கோப்பில் பிழை எங்கே?

கேள்வி (ராயக்கோட்டை)

வணக்கம். எங்கள் தக்காளி மண்டிக் கணக்குக்காக வைத்திருந்த பழைய கணினியில் உபுண்டு நிறுவி, பிட்காயின் பரிவர்த்தனைகளை இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருளான பிட்காயின் கோர் ஓட்டி வருகிறேன். வட்டு 500 ஜிபி, ராம் 4 ஜிபி. பரிவர்த்தனைத் தொகுப்புகளான பிளாக்குகளின் முழுச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டதால் இதில் அடங்காது என்று தெரிந்தே, பழைய பிளாக்குகளை அழித்து இடம் மிச்சப்படுத்தும் ப்ரூன் அமைப்பை அமைப்புக் கோப்பின் கடைசி வரியாகச் சேர்த்தேன். ஆனாலும் பிளாக்குகள் குவிந்துகொண்டே போய், நேற்றிரவு இடமில்லை என்று மென்பொருள் நின்றுவிட்டது. கோப்பு கீழே உள்ளது. பெயர்களை மட்டும் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன்.

சர்வர்=1
டிஎக்ஸ்இண்டெக்ஸ்=1
டிபிகேஷ்=3000
[டெஸ்ட்]
ஆர்பிசிபோர்ட்=18332
ப்ரூன்=10000

டெஸ்ட் வரிகள், சென்ற ஆண்டு சோதனை வலையமைப்பில் பழகியபோது போட்டவை.

பதில் (தருமபுரி)

தம்பி, நீங்கள் விட்டுவைத்த அந்தப் பழைய [டெஸ்ட்] வரிதான் காரணம். 2018இல் வந்த 0.17 பதிப்பிலிருந்து, சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வலையமைப்பின் பெயர் வந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள அனைத்தும், அடுத்த தலைப்பு வரும்வரை, அந்த வலையமைப்புக்கு மட்டுமே சொந்தம். ஆகவே உங்கள் ப்ரூன் சோதனை வலையமைப்புக்குப் போய்விட்டது; முதன்மை வலையமைப்பு அதைக் கண்டுகொள்ளவேயில்லை. டெபக் லாக் கோப்பின் தொடக்கத்தில், படித்த அமைப்புகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கும். அங்கே ப்ரூனுக்கு முன்னால் டெஸ்ட் என்று நிற்கிறதா பாருங்கள். நின்றால், அந்த வரியைத் தலைப்புக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கேட்டவர்

ஆம் ஐயா, அப்படியேதான் நின்றது. மேலே ஏற்றிய பிறகு மென்பொருள் தொடங்கவே மறுக்கிறது. ப்ரூனும் டிஎக்ஸ்இண்டெக்ஸும் ஒத்துப்போகாது என்கிறது.

பதில் (தருமபுரி)

அது நியாயமான மறுப்பு. ஒவ்வொரு பரிவர்த்தனையும் எந்த பிளாக் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைப்பதுதான் டிஎக்ஸ்இண்டெக்ஸ். ப்ரூனோ அந்தப் பழைய கோப்புகளையே அழித்துவிடும். பரிவர்த்தனைகளைத் தேடிக் காட்டும் எக்ஸ்புளோரரோ, வாலெட்டுகளுக்குத் தகவல் தரும் எலக்ட்ரம் சர்வரோ நடத்தாதவருக்கு அது தேவையில்லை; அந்த வரியை எடுத்துவிடுங்கள். வரியை எடுத்தாலும் பழைய குறிப்பு வட்டிலேயே கிடக்கும் என்பதால், மென்பொருள் ஓடாத நேரத்தில் தரவு அடைவிலுள்ள இண்டெக்ஸஸ் அடைவுக்குள் போய் டிஎக்ஸ்இண்டெக்ஸை அழியுங்கள். நிரம்பிய வட்டில் தொடங்குவதற்கு வேண்டிய இடமும் அதிலேயே கிடைத்துவிடும். பிளாக் கோப்புகள் உள்ள பிளாக்ஸ், இன்னும் செலவாகாத நாணயங்களின் பட்டியல் உள்ள செயின்ஸ்டேட் ஆகிய இரண்டு அடைவுகளிலும் கைவைக்காதீர்கள். வாலெட் இருந்தால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரூனில் உள்ள 10000 என்பது எம்ஐபி (மெபிபைட்) கணக்கு, அதாவது பிளாக் கோப்புகளுக்குச் சுமார் 10 ஜிபி. குறைந்தபட்சம் 550 கொடுக்கலாம். செயின்ஸ்டேட் தனியாக 10 ஜிபிக்கு மேல் பிடிக்கும். இதுவரை இறக்கியது வீணாகாது, ஆனால் பின்னொரு நாள் ப்ரூனை நீக்கினால் முதல் பிளாக்கிலிருந்து மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

பதில் (ஓசூர்)

தரவுத்தளத்துக்கு எத்தனை எம்ஐபி நினைவகம் ஒதுக்குவது என்று சொல்லும் டிபிகேஷைப் பற்றி யாரும் பேசவில்லையே! 4 ஜிபி ராமில் 3000 அதிகம். நினைவகம் போதாமல் கணினி திணறுவது ஒருபுறமிருக்க, அவ்வளவு தரவும் வட்டில் எழுதப்படாமல் நினைவகத்திலேயே காத்திருக்கும்போது மின்சாரம் போனால், கடைசியாக எழுதிய இடத்திலிருந்து சரிபார்ப்பை மீண்டும் செய்ய வேண்டிவரும். கோடை மழைக்கு நம் பக்கம் மின்சாரம் போகும் அழகைச் சொல்ல வேண்டியதில்லை. 450 போதும், பல ஆண்டுகளாக அதுதான் இயல்பு மதிப்பாக இருந்தது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இண்டெக்ஸ் அடைவை அழித்து, டிபிகேஷை 450 ஆக்கித் தொடங்கினேன். பிளாக்ஸ் அடைவு 10 ஜிபிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒத்திசைவு விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. டெஸ்ட் தலைப்பையும் அதன் கீழிருந்த வரியையும் நீக்கிவிட்டேன்.