கோல்டன் லேக்ஸ் சுற்றுப்பாதை: லார்ச் பொன்னிறமாகும் வாரத்தில் எங்கே தங்குவது?

மலைவழி:
அனைவருக்கும் வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தாவ் பள்ளத்தாக்கிற்கு மேலே, கிரேட்டர் கிரீக்கில் தொடங்கி ஈகிள் ஏரிகள், பாய்லிங் ஏரி, கூனி ஏரி ஆகியவற்றைத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில், அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு இரவுகள் தங்கி நடக்க நானும் என் மனைவியும் எண்ணியிருக்கிறோம். இதே மாநிலத்தில் லார்ச் மரங்களுக்குப் பெயர்பெற்ற என்சான்ட்மென்ட்ஸ் மலைப்பகுதிக்கான அனுமதிக் குலுக்கலில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கோடையில் கூடாரமிட்டுத் தங்கிய பழக்கம் இருவருக்கும் உண்டு, உறைகுளிரில் தங்கியதில்லை. லார்ச் முழு நிறத்தில் இருக்கும் நாளை எப்படிக் கணிப்பது, எங்கே கூடாரமிடுவது, பனி விழுந்தால் என்ன செய்வது என்பதைச் சென்றுவந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஊசியிலை:
அங்கே ஏரிகளைச் சூழ்ந்திருப்பது உயர்மலை லார்ச். ஊசியிலை மரமாக இருந்தும் ஆண்டுதோறும் இலைகளை முழுவதும் உதிர்த்துவிடும் இனம் அது. செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் 10 வரை அதன் நிறம் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். பலத்த காற்று ஒருநாள் அடித்தாலே பாதி இலை தரைக்கு வந்துவிடும் என்பதால், தேதியைவிட வானிலை அறிக்கையைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். கீழே வளரும் மேற்கத்திய லார்ச் வேறு இனம், அது அக்டோபர் நடுவிலோ அதற்குப் பின்னரோதான் மஞ்சளாகும். ஆகவே காரில் வரும் வழியில் பச்சை லார்ச்சுகளைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். ஏரிக்கரையை அடைந்ததும் ஓர் இளங்கிளையை அருகில் வைத்துப் பாருங்கள்: பட்டையின் மேல் வெண்மையான பஞ்சு போன்ற மென்மயிர் படர்ந்திருக்கும், அதன் குறுமொட்டு ஒவ்வொன்றிலிருந்தும் முப்பது, நாற்பது ஊசிகள் கொத்தாக விரிந்திருக்கும். தொட்டால் குத்தாது. அதைப் பார்ப்பதற்காகவே இந்த நடை தகும் என்பேன்.

குளிர்காற்று:
நான் தங்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் பலர் தடுமாறுவது அங்கேதான். இந்த ஏரிகள் 2,100 முதல் 2,200 மீட்டர் உயரத்தில், மலைச்சுவர் சூழ்ந்த கிண்ணங்களில் இருக்கின்றன. இரவில் கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து தண்ணீர்மட்டத்தில் தேங்கும். கரையோரப் புல்வெளி அழகாகத் தோன்றினாலும் அதை விட்டு, குறைந்தது 60 மீட்டர் தள்ளிச் சற்றே மேடான, மரங்களுக்கு இடையிலான, ஏற்கெனவே பலர் தங்கிய வெற்றுத்தரையில் கூடாரமிடுங்கள். குளிர் குறையும், கூடாரத்தின் உட்புறம் ஈரமாவதும் குறையும், கரையும் சிதையாது.

மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறைந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் விடியும். அந்த நீண்ட இரவில் நீர் வடிகட்டியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்திருக்கலாம், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அடுப்புக்கான எரிவாயுவில் சாதாரண பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் கலந்த உருளையை வாங்கி, அதையும் உடலருகே வைத்துக்கொண்டால் காலைத் தேநீருக்குக் காத்திருக்க நேராது.

மலைவழி:
மிக்க நன்றி. ஏஞ்சல்ஸ் ஸ்டேர்கேஸ் என்னும் உச்சிப் பகுதியில் பனி இருந்தால் சுற்றை முடிக்க முடியுமா?

கற்பாதை:
அது ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள திறந்த மேடு. புதுப்பனி பாதையை மறைத்துவிட்டால் அனுபவமில்லாத இருவர் அங்கே ஏறுவதை நான் ஏற்கமாட்டேன். முன்னறிவிப்பில் பனி இருந்தால் சுற்றை விட்டுவிட்டு, மார்ட்டின் கிரீக் வழியாகக் கூனி ஏரிக்குச் சென்று இரண்டு இரவும் அங்கேயே தங்கி, வந்த வழியே இறங்குங்கள். லார்ச் அங்கேயும் அடர்த்தியாகவே உண்டு. வானம் தெளிவாக இருந்தால் முதலில் ஹார்ஸ்ஹெட் கணவாயைக் கடந்து பாய்லிங் ஏரியில் தங்கி, இரண்டாம் நாள் காலையிலேயே உச்சியைக் கடந்துவிடுங்கள். பிற்பகல் மேகத்திற்கு முன் கீழே இறங்க நேரம் கிடைக்கும்.

இது மான் வேட்டைப் பருவமும்கூட. இருவரும் ஆரஞ்சு நிற மேலாடை அணிவது அவசியம். பாதையின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிள்களுக்கும் அனுமதி உண்டு என்பதால் வளைவுகளில் காது கொடுத்து நடங்கள். புறப்படும் முன்பு வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் அந்த வாரம் சென்றுவந்தவர்களின் குறிப்புகளையும், காட்டுத்தீ காரணமாகப் பாதை மூடப்பட்டிருக்கிறதா என்பதை வனத்துறை அறிவிப்பிலும் பார்த்துவிடுங்கள்.