அண்ணனை குணசீலம் கூட்டிப் போகலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். கரூர் பக்கம் இருக்கோம். அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். ஃபேன் சுத்துற சத்தத்துல யாரோ திட்டுறாங்கன்னு சொல்லி, ராத்திரி பூரா ஃபேனை நிறுத்திட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருப்பான். மாத்திரையை நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சுக்கிட்டு, பின்னாடி துளசிச் செடிகிட்ட போய் துப்பிடறான்.

அம்மா குணசீலம் பெருமாள் கோயில்ல 48 நாள் தங்க வைக்கணும்னு சொல்றாங்க. அப்பாவுக்கு ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான். கோயிலுக்குப் போறதை நான் தடுக்கல, அம்மாவுக்கு அந்தத் தெம்பு வேணும். ஆனா மருந்து நின்னுடக் கூடாது. 2001-ல ஏர்வாடியில மனநலக் காப்பகத்துல சங்கிலியால கட்டி வெச்சிருந்ததால தப்பிக்க முடியாம 28 பேர் தீயில செத்தாங்களே, அதை நினைச்சா எங்கேயும் விட்டுட்டு வர மனசு வரல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடவே கூடாதுன்னு சொல்லுது.

குணசீலத்துல தங்கினவங்க யாராவது இருக்கீங்களா? அங்க மாத்திரை தொடர்ந்து குடுக்க விடுறாங்களா, கூட ஒருத்தர் இருக்கலாமா? மாத்திரைக்குப் பதிலா மாசம் ஒரு தடவை போடுற ஊசிக்கு மாறின குடும்பங்கள் எப்படி அவங்களைச் சம்மதிக்க வெச்சீங்க? அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல வீட்டு ஆளுங்க கூப்பிட்டாலும் பேசுவாங்க, அப்பாவை எப்படியாவது பேச வைக்கணும். அவர் வயசு ஆம்பளை யாராவது, இதையெல்லாம் கடந்து வந்தவங்க, அவர்கிட்ட போன்ல பேச முடியுமா?