கோலாப்பூர் அக்காள் தங்கை வழக்கு: ஐந்தா, நாற்பத்திரண்டா?

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஏற்காட்டு அன்பர் ஒருவர் நேற்று இங்கே எழுதியிருந்தார். எச்சரிக்கையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு வலுச் சேர்க்க "42 பிஞ்சுக் குழந்தைகளைக் கொன்று தூக்கில் தொங்கிய கோலாப்பூர்ச் சகோதரிகள்" என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். ஒரே வரியில் இரண்டு தவறுகள். அந்தச் சகோதரிகளான ரேணுகா ஷிண்டேவும் சீமா காவித்தும் தூக்கிலிடப்படவே இல்லை. 42 என்பது எந்த நீதிமன்றத்தின் கணக்கும் இல்லை. அரசுத் தரப்பின் வழக்கு 13 கடத்தல்கள், 9 கொலைகள். 2001 ஜூன் மாதம் கோலாப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் ஆறு கொலைகள் நிரூபிக்கப்பட்டதாகக் கூறி மரண தண்டனை விதித்தது. 2004 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதில் ஒன்றைத் தள்ளிவிட்டு ஐந்து கொலைகளுக்குத் தண்டனையை உறுதி செய்தது. 2006 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தியது. ஆகவே எண்ணிக்கை ஐந்து. முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சேர்வராயன் காப்பி:
அந்த ஏற்காட்டு அன்பர் நான்தான் என்பது ஊருக்கே தெரியும்போது பெயரை மறைத்து எழுதியது நாகரிகமா, நக்கலா என்று சிரஸ்தார் ஐயாதான் விளக்க வேண்டும். தூக்கு விஷயம் கிடக்கட்டும். 1990 முதல் 1996 வரை தாயும் இரண்டு மகள்களும் புனே, நாசிக், கோலாப்பூர் என்று கோயில் கூட்டத்திலும் பேருந்து நிலையங்களிலும் திரிந்து, திருடுவதற்குத் துணையாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஆறு ஆண்டுகளில் ஐந்தே ஐந்து குழந்தைகள்தானா? நடைபாதையில் தூங்கும் பிச்சைக்காரத் தாயின் கைக்குழந்தை காணாமல் போனால் அவள் எந்தக் காவல் நிலையத்தின் படியை ஏறுவாள்? புகாரே இல்லாத குழந்தை எப்படி உங்கள் கட்டுக்குள் வரும்? ஐந்து என்பது சாட்சி கிடைத்த எண்ணிக்கையே தவிர, செத்த எண்ணிக்கை அன்று.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
காப்பி அண்ணன் சொல்வதே சரி. கொலுசு வியாபாரத்துக்காகக் கோலாப்பூர் பக்கத்தில் இருக்கும் ஹுப்பரிக்கு நான் பல முறை போய் வந்திருக்கிறேன். அங்கே வெள்ளிப்பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் 42 என்று என் காதாரச் சொன்னார். சம்பவம் நடந்த ஊர்க்காரருக்குத் தெரியாததா அஸ்தம்பட்டிக்குத் தெரியும்?

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
கொலுசு வாங்கப் போன இடத்தில் கொலைக் கணக்கையும் சேர்த்து எடை போட்டு வாங்கி வந்த வெள்ளித் தம்பிக்கு என் பாராட்டுகள். செய்கூலி, சேதாரம் போக எத்தனை தேறும் என்பதையும் அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்கலாம்.

வழக்கு தெரியாமல் எண்ணிக்கை பேசுபவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். தாய் அஞ்சனாபாய் நாசிக் பகுதியைச் சேர்ந்தவர். லாரி ஓட்டுநர் ஒருவரை நம்பிப் போய், ரேணுகா பிறந்த பிறகு அவரால் கைவிடப்பட்டார். பின்னர் முன்னாள் ராணுவ வீரரான மோகன் காவித்துடன் வாழ்ந்து சீமாவைப் பெற்றார். அவரும் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு விலகினார். அதன்பின் மூவருக்கும் திருட்டே தொழிலாயிற்று. 1990ஆம் ஆண்டு ஒரு கோயில் கூட்டத்தில் ரேணுகா பிடிபட்டபோது அவருடைய இடுப்பில் அவருடைய சொந்தக் குழந்தையே இருந்தது. பச்சைக் குழந்தையை வைத்திருப்பவள் திருடுவாளா என்று கூட்டம் இரங்கி விட்டுவிட்டது. குழந்தை கையில் இருந்தால் சந்தேகம் வராது, வந்தாலும் தப்பிக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. சொந்தப் பிள்ளையைப் பணயம் வைக்க மனம் வராததால் ஊரார் பிள்ளைகளைத் தூக்கினார்கள். கோலாப்பூர் மகாலட்சுமி கோயில் அருகே சீமா பிடிபட்டபோது, கூட்டத்தைத் திசைதிருப்புவதற்காக அஞ்சனாபாய் கையிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைத் தரையில் அடித்தார். அடிபட்ட குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்பதற்காகப் பிறகு கொன்றே போட்டார்கள். பயன்படும் வரை வைத்துக்கொள்வது, அழுதாலோ இடைஞ்சலானாலோ தீர்த்துவிடுவது என்பதே அவர்களின் முறை. இதைத் தட்டச்சு செய்யவே கை நடுங்குகிறது. நிரூபிக்கப்பட்டவை இப்படிப்பட்ட ஐந்து. 42 இல்லை.

சூரமங்கலம் டீச்சர்:
நான்கு பேருந்துகள் மாறிப் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். லாரிக்காரன் கைவிட்டான், ராணுவக்காரன் கைவிட்டான் என்று சிரஸ்தார் ஐயா எழுதிய வரிகளைப் படித்தால், அந்தப் பெண்களுக்கு வாதாடும் வக்கீலோ என்று தோன்றுகிறது. கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் நம் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கட்டட வேலைக்கும் தறி வேலைக்கும் போகிறார்கள். சீமாவின் தகப்பனுக்கு இரண்டாம் மனைவியிடம் பிறந்த ஒன்பது வயதுப் பெண்ணையும் இவர்கள் 1995இல் கடத்திக் கொன்றார்களே, அதில் திருட்டுக்கான தேவை எங்கே வந்தது? அது பழி தீர்த்தல். அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்?

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
டீச்சர் அம்மா, பின்னணி சொல்வது வேறு, பரிந்து பேசுவது வேறு. அந்தச் சிறுமியின் கொலையை நான் மறைக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் அடுத்த பெண்ணையும் தூக்க முயன்றதால்தான் 1996 நவம்பரில் பிடிபட்டார்கள். ஆக, பழிவாங்கல் இல்லாதிருந்தால் திருட்டும் கொலையும் இன்னும் பல காலம் நீண்டிருக்கும்.

சேர்வராயன் காப்பி:
"இன்னும் பல காலம் நீண்டிருக்கும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த "பல காலம்" முன்பக்கமும் நீண்டிருந்திருக்கும் என்பதுதானே என் வாதம்? இந்த வழக்கின் முதுகெலும்பு யார்? ரேணுகாவின் கணவர். அவரும் கூட்டாளியாக இருந்து, பின்னர் அப்ரூவராகி, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, மன்னிப்புப் பெற்று வெளியே வந்தவர். தனக்குத் தெரிந்ததை மட்டும், தனக்கு ஆபத்தில்லாததை மட்டும் சொன்ன மனிதரின் வாயிலிருந்து வந்த எண்ணிக்கையைத் தேவாரம் போல ஓதுகிறீர்கள்.

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
அப்ரூவர் சொன்னதை அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்காகத்தான் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் விளக்கம் இருந்தது. அவர் சொன்னதை வேறு சாட்சியம் தாங்கி நிற்க வேண்டும். அப்படித் தாங்கி நின்றவை ஐந்து என்று மேல் நீதிமன்றங்கள் கண்டன. இதை ஏற்காட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தில் உட்கார்ந்து மாற்ற முடியாது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்க, கோடை விழாவின்போது 24 என்று எழுதி வெளியூர்க்காரர்களைக் குழப்பியவர் இந்த அன்பர் என்பதையும் நினைவூட்டுகிறேன். இவருக்கு எந்த எண்ணும் வீங்கித்தான் வெளிவரும்.

சேர்வராயன் காப்பி:
அடிவாரத்துச் சோதனைச் சாவடிக்கு முந்திய திருப்பங்களையும் சேர்த்து எழுதினேன் என்று அப்போதே விளக்கியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அதை மனதில் வைத்துக்கொண்டு, செத்த குழந்தைகள் பற்றிய பேச்சில் எடுத்து வீசுகிற மனிதருக்கு அலுவல் அறிவு இருக்கலாம், பெருந்தன்மை இல்லை.

குகை நெசவாளி:
எல்லோருக்கும் வணக்கம். கடத்தியது, கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்டது, குற்றம் சாட்டப்பட்டது, நிரூபிக்கப்பட்டது என்று நான்கு வகையான எண்கள் இருக்கின்றன. நாம் எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
எதை எண்ணினாலும் 42தான் வரும். ஹுப்பரிக்காரர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

மேட்டூர்க்காரன்:
எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்கள் ஏன் தூக்கிலிடப்படவில்லை என்பதை யாரும் பேசவில்லையே. அவர்கள் கொடுத்த கருணை மனு ஆளுநரையும் தாண்டி 2014இல்தான் குடியரசுத் தலைவரால் நிராகரிக்கப்பட்டது. கோப்பை நகர்த்துவதில் மாநில அரசு காட்டிய அலட்சியத்தால் 7 ஆண்டு, 10 மாதம், 15 நாள் தாமதம் ஏற்பட்டதாகக் கணக்கிட்டு, 2022 ஜனவரி 18 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. முக்கியமாக இதே தாமதக் காரணத்தைக் காட்டித்தான் 2014 ஜனவரியில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பி. சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்தபோது, உச்ச நீதிமன்றம் 15 பேரின் தூக்கை நீக்கியது. அவர்களில் நால்வர் பாலாறு குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற, எங்கள் பக்கத்து வீரப்பன் வழக்குக்காரர்கள். அன்று அதை வரவேற்றவர்கள் இன்று கோலாப்பூருக்கு மட்டும் கயிறு கேட்பது எந்த ஊர் நியாயம்?

சூரமங்கலம் டீச்சர்:
காட்டில் நடந்த குண்டுவெடிப்பையும் கைக்குழந்தையைத் தரையில் அடித்ததையும் ஒரே தராசில் வைக்க மேட்டூர்த் தம்பிக்கு எப்படி மனம் வந்தது? பாலாற்றில் இறந்த 22 பேரும் மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றமே 2006இல், பெண்கள் என்பதைத் தவிர இவர்களுக்குச் சாதகமாகச் சொல்ல வேறெதுவும் இல்லை என்ற பொருளில்தானே எழுதியது? கோப்பு தூங்கியது அதிகாரிகளின் குற்றம். அதன் பலன் இவர்களுக்குப் போவானேன்?

மேட்டூர்க்காரன்:
தராசை நான் செய்யவில்லை, டீச்சர். நீதிமன்றம் செய்தது.

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
தாமதத்தைப் பற்றி மேட்டூர்த் தம்பி எழுதியது சரியே, நாளும் சரியே. அவர்கள் விடுதலையும் கேட்டார்கள், அதை நீதிமன்றம் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் அஞ்சனாபாய் தீர்ப்பைப் பார்க்காமலே சிறையில் இறந்துபோனார். இவையெல்லாம் கிளைச் செய்திகள். நான் எழுப்பிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: 42 எங்கிருந்து வந்தது? நாற்பதுக்கு மேல் இருக்கலாம் என்று அந்த நாளில் பத்திரிகைகளில் வந்த ஊகத்தை ஒருவர் தீர்ப்பு என்று எழுதுகிறார், மற்றொருவர் ஊர்க்காரர் வாக்கு என்கிறார். இப்படி வீங்கிய எண்களோடு பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியதால்தான், 2018 மே மாதம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்து, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. ஆடிக் கூட்டத்தில் பேத்தியைத் தூக்கி வைத்திருக்கும் வடநாட்டுக் கிழவி ஒருத்தியை நம் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தால், அந்த முதல் பார்வைக்கு அன்பரின் 42தான் விதை.

சேர்வராயன் காப்பி:
ஐந்து என்று எழுதினால் மட்டும் அந்த ஊர்க்கூட்டம் கைகட்டி நின்றிருக்குமா? போளூர்ப் பழியை என் தலையில் கட்டுவது உங்கள் சட்ட அறிவுக்கு அழகா? அரசுத் தரப்பே 9 என்றது. கீழ் நீதிமன்றம் 6 என்றது. மேலே போகப் போகக் குறைந்ததே தவிர, அந்தக் குழந்தைகள் உயிரோடு திரும்பி வந்துவிட்டார்களா? தள்ளிவிடப்பட்ட அந்த ஆறாவது குழந்தையைப் பற்றி ஐயா ஒரு வரி எழுதட்டும், பிறகு நான் என் பதிவைத் திருத்துவது பற்றி யோசிக்கிறேன்.

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது அரிச்சுவடி. ஐந்து.

குகை நெசவாளி:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
சற்று முன்புதான் ஹுப்பரிக்காரரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் இப்போது 43 என்கிறார். பதினெட்டாம் பெருக்குக்குச் சரக்கோடு சேலம் வருகிறாராம், நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அஸ்தம்பட்டி சிரஸ்தார்:
வரும்போது தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நகல் கட்டணம் நான் தருகிறேன்.

சேர்வராயன் காப்பி:
என் பதிவை இன்று காலை மேலும் மூன்று குழுக்களில் பகிர்ந்திருக்கிறேன். தூக்கு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன்.