மறு: எமோஜிக்கு ‘உணர்ச்சிக்குறி’ போதுமா? ‘தொனிக்குறி’, ‘மறுகுறி’ என இரண்டு சொற்கள்

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

> எமோஷன் என்பதிலிருந்து வந்ததுதானே எமோஜி. உணர்ச்சிக்குறி என்று முடித்துவிடலாம்.

அப்படி முடிக்க முடியாது ஐயா. எமோஜி ஜப்பானியச் சொல். ‘எ’ என்றால் படம், ‘மோஜி’ என்றால் எழுத்து. எமோஷனோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். டோக்கோமோ என்ற ஜப்பானியக் கைபேசி நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா 1999-ல் வரைந்த 176 படங்களில் வானிலை, வண்டி, நிலாப்பிறை எல்லாம் இருந்தன, உணர்ச்சி அதில் ஒரு பங்குதான். உணர்ச்சியிலிருந்து பெயர் பெற்றது, நிறுத்தக்குறிகளைச் சேர்த்து முகம் காட்டும் எமோட்டிகான். அது வேறு வரலாறு, கீழே வருகிறேன்.

பொதுப்பெயர் எமோஜி என்றே இருக்கட்டும், எல்லோரும் அப்படித்தான் தேடுகிறார்கள். சொற்பட்டியலில் விளக்கமாகப் ‘படவெழுத்து’ என்று போட்டுக்கொள்ளலாம். நமக்கு உண்மையில் சொல் இல்லாமல் தவிக்கும் இடம் வேறு. ஒருவர் எழுதியதற்குக் கருத்துச் சொல்லும் முறையைப் பற்றிய பின்னூட்ட வழிகாட்டியை மொழிபெயர்க்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. பின்னூட்டம் கொடுப்பவர் தன் வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் எமோஜியும், வாங்கியவர் அந்தச் செய்தியின் மேல் ஒட்டிவிட்டுப் போகும் எமோஜியும் ஒரே படமாக இருந்தாலும் இரண்டு வேறு செயல்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் எந்த அறிவுரையும் தெளிவாக எழுத வரவில்லை.

முதலில் கொடுப்பவர் பக்கம். “இந்தப் பத்தி புரியவில்லை” என்று எழுதினால் கேட்பவருக்குக் கோபமாகத் தெரியலாம், நேரில் சொல்லியிருந்தால் குரலே அதைத் தணித்திருக்கும். அந்தக் குரலின் வேலையைச் செய்கிறது பக்கத்தில் வரும் சிறு புன்னகை. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகமாக (மேலே சொன்ன எமோட்டிகான் இதுதான்) போடலாம் என்று எழுதியதும் இதே காரணத்துக்காகத்தான்: வேடிக்கையாகச் சொன்னதை யாரும் வினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே இதைத் ‘தொனிக்குறி’ என்கிறேன்.

> தொனி வடசொல். தொல்காப்பியத்து மெய்ப்பாடு இருக்கிறதே, மெய்ப்பாட்டுக்குறி எனலாம்.

இந்தப் பரிந்துரையை நான் மிகவும் நேசித்தேன், இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் விசைப்பலகையில் அப்படியே வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் மெய்ப்பாடு என்பது உள்ளே நிகழ்வது உடம்பில் தானாக வெளிப்படுவது. மயிர் சிலிர்ப்பதையும் கண்ணீர் வருவதையும் யாரும் தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை. பின்னூட்டத்தில் வைக்கும் புன்னகையோ தேர்ந்தெடுத்து வைத்தது, வைத்தவர் அப்போது சிரித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பயன்படுத்தும் முறையே இதிலிருந்துதான் வருகிறது: தொனிக்குறியை எடுத்துவிட்டுப் படித்தாலும் வாக்கியம் தன் காலில் நிற்க வேண்டும். “முழுவதும் திரும்ப எழுத வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்பை வைத்தால் அது கேலியாகப் போய்ச் சேரும், அங்கே ஏன் திரும்ப எழுத வேண்டும் என்பதற்கு இரண்டு வரி எழுதுவதுதான் மரியாதை. அடுத்தவர் பிழையைச் சுட்டும் இடத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, நாம் அனுப்பிய முகமே அங்கே போய்ச் சேருவதில்லை. எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு தருவது எண்ணும் பெயரும் மட்டும், படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைச் சோதித்தார்கள். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் ஒரு முகம் சில கருவிகளில் மகிழ்ச்சியாகவும் ஆப்பிள் கருவியில் பல்லைக் கடிப்பது போலவும் பலருக்குத் தெரிந்தது. ஒரே படத்தைப் பார்த்தவர்களுக்குள்ளும் கருத்து ஒத்துவரவில்லை. கூப்பிய கை இன்னும் சிக்கல்: நன்றியா, வணக்கமா, கெஞ்சலா?

அப்புறம் வாங்குபவர் பக்கம். இங்குதான் அடிபட்டேன். ஒரு மென்பொருளின் இடைமுகத்தை மொழிபெயர்த்தபோது, ஒரு சொல்லை இப்படி ஆளலாமா என்று கேட்டிருந்தேன், மெய்ப்பு பார்ப்பவர் அந்தச் செய்தியின் மேல் உயர்த்திய கட்டைவிரல் எமோஜியை ஒட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இருநூறு தொடர்களுக்கு மேல் அதே சொல்லைப் போட்டுவிட்டேன். அவர் சொல்ல வந்தது “பார்த்துவிட்டேன், பிறகு சொல்கிறேன்” என்பது. இருவரிடமும் தவறில்லை, திருத்த மட்டும் ஒரு வாரம் ஆனது.

இதே குழப்பம் கனடாவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி உறுதிசெய்யும்படி 2021-ல் ஒரு நிறுவனம் கேட்க, விவசாயி கட்டைவிரல் எமோஜியை அனுப்பினார். கிடைத்தது என்றுதான் சொன்னேன் என்பது அவர் வாதம். சஸ்காச்சுவான் நீதிமன்றம் 2023-ல் அதைக் கையெழுத்துக்குச் சமமான சம்மதமாக ஏற்று, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இந்தச் செயலுக்குத்தான் ‘மறுகுறி’. மொழியால் திரும்பத் தருவது மறுமொழி, குறியால் தருவது மறுகுறி.

> மறு என்றால் மறுப்பு என்று படிக்க மாட்டார்களா? ‘எதிர்வினை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

மறுகரை, மறுகணம், மறுபதிப்பு எதிலும் நாம் மறுப்பைப் படிப்பதில்லை ஐயா. ஒற்று மிகாமல் வருவதற்கும் அவையே சான்று. எதிர்வினை என்றால் எழுதிய பதிலும் அதில் அடங்கிவிடும். போதாததற்குச் செய்தித்தாள்கள் அதைக் கண்டனத்துக்கும் பயன்படுத்திப் பழக்கிவிட்டன, ‘உங்கள் கட்டுரைக்கு ஐந்து எதிர்வினைகள்’ என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ‘ஐந்து மறுகுறிகள்’ பொத்தானிலும் அடங்கும், ‘மறுகுறியிடு’ என்று வினையாகவும் வரும்.

சொல் கிடைத்ததும் வழிகாட்டியை எழுதுவதும் எளிதாகிவிட்டது, பாருங்கள்: “மறுகுறிக்குக் குழு முன்கூட்டியே பொருள் குறித்துக்கொள்ளட்டும். கண் என்றால் பார்த்தேன், கட்டைவிரல் என்றால் ஒப்புக்கொள்கிறேன், சரிக்குறி என்றால் திருத்திவிட்டேன். ஒப்பவில்லை என்றால் மறுகுறி வேண்டாம், மறுமொழி எழுதவும்.” நிரலாளர்கள் சேர்ந்து வேலை செய்யும் கிட்ஹப் தளம் 2016-ல் இந்த மறுகுறி வசதியைக் கொண்டுவந்தது, வெறும் ஆமோதிப்பை மட்டும் சொல்லும் பதில்கள் குவிவதைக் குறைக்கத்தான். அதற்கு இது நல்ல கருவி. ஆனால் தலைகீழான கட்டைவிரல் காரணம் எதையும் சொல்வதில்லை, மூன்று நாள் உழைத்தவருக்கு அதை மட்டும் வைத்துவிட்டுப் போவது கொடுமை.

மறுகுறியில் எனக்கு ஐயமில்லை. தொனிக்குறியில் ‘தொனி’க்குப் பதிலாக வேறு சொல் தோன்றினால், அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள், தனிச்சொல்லாகப் பார்த்து முடிவெடுக்க எனக்கு வரவில்லை. ‘குரற்குறி’யை முயன்றேன், குரல்வழி உள்ளீட்டோடு குழம்புகிறது. வழிகாட்டியின் அந்தப் பகுதியை அதுவரை வெளியிடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்